மின்னி இல்லாத நாவல்

நாவல் முடிந்தபோது சுகிர்தா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வாக்கியத்துக்குப் பிறகு வயலின் மாதிரி ஏதோ ஒன்று கொஞ்ச நேரம் இழுத்து ஓய்ந்தது. “முந்திரிக்காற்று நிறைவுற்றது. இப்போது உங்கள் மனம் எப்படி இருக்கிறது?” என்று காதுக்குள் ஒரு பெண்குரல் கனிவாகக் கேட்டது. சுகிர்தா ஈரக் கையை நைட்டியில் துடைத்துவிட்டு இயர்போனைக் கழற்றி வைத்தாள்.

மனம் எப்படியும் இல்லை. வெண்டைக்காய் பாதிக்கு மேல் முற்றலாக இருந்தது. அவளுக்குத் தோன்றியதெல்லாம் அதுதான்.

திருச்சியே அந்த நாவலைக் கேட்டு அழுதுகொண்டிருந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டால் காதைக் காட்டி, “பதினேழாவது அத்தியாயம்மா” என்றார். போன ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் பிரசங்கத்தில்கூட அதைச் சொன்னார். அவள் கணவன் எட்வின் வேறு இரண்டு மாதமாக, “நீயும் கேளேன் சுகி” என்று சொல்வான். சொன்ன உடனே, “வேணாம், உனக்குப் புடிக்காது” என்பான்.

அவள் கேட்ட கதை இதுதான். பண்ருட்டிப் பக்கம் தங்கவேலு என்று ஒரு முந்திரி வியாபாரி. லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கொல்லத்துக்குப் போகிறான், வருகிறான். தம்பியோடு நிலத்தகராறு. அவன் மனைவி செண்பகம் பாதிக் கதைக்கு மேல் யாரோடும் பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்று கடைசிவரை யாரும் கேட்பதும் இல்லை. முடிவில் தங்கவேலு முந்திரி மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான், காற்று வீசுகிறது. இவ்வளவுக்கா ஊரே அழுகிறது?

நாவல் நன்றாக இல்லை என்றால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்தாள். ஜோவிதா போனதிலிருந்து அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. பாட்டு கேட்டால் சத்தம் மட்டும் கேட்கும். படம் பார்த்தால் யார் யாரோ நடமாடுவார்கள். செய்தியில் மழை, தேர்தல், தங்கம் விலை. ஏழு வயது மகளைப் பறிகொடுத்தவள் ஆறு மாதத்தில் அழுகை நின்று, இரண்டு வருடமாக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சோறு தின்று வேலைக்குப் போய்வருகிறாள் என்றால் அவள் என்ன பெண்? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், “கல்லாப் போயிட்டேன் ஃபாதர்” என்று சொல்லியும் பார்த்தாள். அவர் செபமாலை சொல்லச் சொன்னார்.

மறுநாள் தில்லைநகர் கண்ணாடிக் கடையில் ஷம்ஷாத் பிரேம்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடையில் சுகிர்தா கண் பரிசோதனை செய்பவள். விற்பனை ஷம்ஷாத்.

“முடிச்சிட்டியாடி?”

“ம்.”

“எப்படி இருந்துச்சு? நான் மூணு நாள் சாப்பிடல தெரியுமா.”

“என்னத்தச் சொல்ல. முந்திரி வெல ஏறுது, எறங்குது. கடைசில காத்தடிக்குது.”

ஷம்ஷாத் சிரித்தாள். பிறகு சுகிர்தாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “விளையாடாதடி. மின்னி?”

“யாரு மின்னி?”

“தங்கவேலு மவடி. காய்ச்சல்ல...” ஷம்ஷாத் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளும் ஜோவியின் அடக்கத்துக்கு வந்தவள்தான். “ஒண்ணுமில்ல. விடு.”

“சொல்லு.”

“வேணாம் சுகி.”

“சொல்லுன்னேன்ல.”

ஷம்ஷாத் தலையைக் குனிந்துகொண்டு பாதி சொன்னாள். தங்கவேலுக்கு ஒரே மகள். கதையே அவளைப் பற்றியதுதான். பதினேழாவது அத்தியாயத்தில் அவள் சாகிறாள். அதற்குப் பிறகுதான் செண்பகம் பேசுவதை நிறுத்துகிறாள்.

“நான் கேட்ட கதையில அப்படி ஒரு புள்ளையே கெடையாதே ஷம்ஷாத்” என்றாள் சுகிர்தா.

மதிய இடைவேளையில் அவள் ‘செவிவழி’ செயலியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். நிஜமான ஆள்தான் பேசினான். பெயர் பிரசன்னா என்றான்.

“மேடம், எங்ககிட்ட கதை ஒண்ணுதான். ஆனா கேக்கறவங்களுக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு குடுக்கும். இயர்போன் உங்க நாடி, மூச்சு, பக்கத்துல நீங்க பேசறது எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு எங்க சலிப்பு வருதோ அங்க வேகமா ஓடும். எங்க மனசு நிக்குதோ அங்க அதுவும் நிக்கும். இதுக்கு இசைவுன்னு பேரு. எல்லாருக்கும் உள்ளதுதான்.”

“வளையட்டுங்க. ஒரு புள்ளையே எப்படிக் காணாமப் போகும்?”

அவன் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. “அது இசைவு இல்ல மேடம். உங்க பேர்ல காப்பு போட்டிருக்கு.”

“காப்புன்னா?”

“மனசுக்கு ஆகாத விஷயங்கள வடிகட்டறது. உங்களுக்குக் குழந்தை இறப்பு, ஆஸ்பத்திரி, காய்ச்சல், பள்ளிக்கூடம், தாலாட்டு... இன்னும் இருக்கு. கதை, பாட்டு, படம், செய்தி, வீட்டு டிவி, எல்லாத்துலயும் எடுத்துரும்.”

“நான் போடலையே.”

“குடும்பக் கணக்கு இல்லீங்களா. சார் போட்டிருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. டாக்டர் சிபாரிசும் இருக்கு.” கொஞ்சம் தயங்கி, “நிறைய பேர் போடறாங்க மேடம். நல்லதுக்குத்தான்” என்றான்.

“நெசமான கதை எங்க கெடைக்கும்?”

“நெசமானதுன்னா?”

“எழுதினவர் எழுதினது.”

“அது புஸ்தகமா வந்திருக்கு மேடம்” என்றான், ஏதோ பழைய சாமானைப் பற்றிச் சொல்வதுபோல.

சுகிர்தா கண் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருட்டில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான். நான் கல் இல்லை. எனக்கு எதையும் காட்டாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிம்மதி வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது. இந்த இரண்டு வருடத்தில் ஒரு தாலாட்டுகூட அவள் காதில் விழவில்லை. செய்தியில் ஒரு பள்ளிக்கூடம் வரவில்லை. உலகமே ஜோவியை மறந்துவிட்டது, நானும் மறந்துகொண்டிருக்கிறேன் என்று அவள் பயந்துபோய்க் கிடந்தாள்.

சாயங்காலம் எட்வின் வந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டாள். “எனக்குக் காப்பு போட்டீங்களா?”

அவன் ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். மறைக்கவில்லை.

“ஜோவி போன மறுவாரம் டிவில ஒரு பிஸ்கட் விளம்பரம் வந்துச்சு. ஒரு புள்ள சிரிச்சுது. நீ சமையக்கட்டுல அப்படியே விழுந்துட்ட. மண்டை ஒடைஞ்சு தையல் போட்டோம். அப்புறமும் சோறு தண்ணி எறங்கல. டாக்டர் சொன்னாரு. போட்டேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அது வேல செய்யாதுன்னாங்க. இல்லாததத் தேடிக்கிட்டே இருப்பன்னாங்க.”

“தேடிக்கிட்டுத்தானே இருந்தேன்! என்னைத் தேடினேன். ஜோவிய நெனச்சாக்கூட அழுகை வரல. பெத்தவதானா நானுன்னு எத்தன நாள்... உங்களுக்குத் தெரியுமா?”

“என்னால உன்னையும் விட்டுட முடியாது சுகி.”

அவன் அதைச் சத்தமில்லாமல் சொன்னான். அவளால் அதற்குமேல் கத்த முடியவில்லை. “உங்களுக்கும் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. எனக்கு அழணும்.”

“எங்க அழறீங்க? நான் பாத்ததே இல்லையே.”

“கார்ல.”

தினமும் வேலை முடிந்து வந்தபின் அவன் கீழே பார்க்கிங்கில் காரிலேயே உட்கார்ந்திருப்பான். ஆபீஸ் கால் என்று நினைத்திருந்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தது பதினேழாவது அத்தியாயத்தை. “தங்கவேலு லாரிய விட்டு எறங்கி ஓடி வர்றான். வந்து மின்னி கையப் புடிச்சுக்கறான். ‘வந்துட்டீங்கள்ல அப்பா, போதும்’ங்கறா. அந்த எடத்துல...” எட்வின் இன்னொரு ஷூவைக் கழற்றத் தொடங்கினான்.

ஒரே வீட்டில் ஒருத்தி அழமுடியாமல் மேலே இருந்தாள். ஒருவன் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தான்.

அப்போதே அவன் போனில் காப்பை எடுத்துவிட்டான். ஆனால் சுகிர்தா இயர்போனைத் தொடவில்லை. மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் விசாரித்து அச்சுப் புத்தகத்தை வாங்கினாள். கடைக்காரர் தூசி தட்டிக் கொடுத்தார். கண்ணாடிக் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் நேராகப் பதினேழாவது அத்தியாயத்தைப் பிரித்தாள். விழுந்துவிடுவோமோ என்று நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டாள்.

ஏழு வயது மின்னி படுத்திருக்கிறாள். காற்றைப் பற்றி அம்மாவிடம் ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். முந்திரிப் பூவின் வாசம் கடவுளின் மூச்சு என்கிறாள். சித்தப்பாவை மன்னித்துவிடச் சொல்கிறாள். பிறகு புன்னகையோடு கண்ணை மூடுகிறாள்.

சுகிர்தா ஏமாந்துபோனாள். இதற்காகவா? ஏழு வயதுப் பிள்ளை இப்படியா பேசும்? காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு உதடு வெடித்திருக்கும், வாய் கசக்கும், யாரைக் கண்டாலும் எரிச்சல் வரும். எழுதினவர் அப்படி ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபத்தோடு பக்கத்தைத் திருப்பினாள்.

அங்கே தங்கவேலு வரவில்லை. செக்போஸ்டில் லாரி மாட்டிக்கொள்கிறது. அவன் வந்து சேரும்போது குழிமேட்டு மண் ஈரமாக இருக்கிறது. அவன் மகளின் கையைப் பிடிக்கவே இல்லை.

அவள் திரும்பவும் படித்தாள். ஷம்ஷாத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். “ஆமா, வரமாட்டான். அதுதானடி கொடுமையே” என்றாள் ஷம்ஷாத்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கீழே பார்க்கிங்கில் கார் நின்றது. எட்வின் இறங்கப் போனான். “எனக்கும் போட்டுக் காட்டுங்க, நீங்க கேக்கறத” என்றாள் சுகிர்தா. அவன் அவளைப் பார்த்தான். பிறகு போட்டான்.

செண்பகம் ஈரத்துணி பிழியும் சத்தம் கேட்டது. வெளியே லாரிச் சத்தம். தங்கவேலு ஓடிவருகிறான். அவன் வாசலைத் தாண்டுவதற்குள் குழந்தையின் குரல் வந்தது. “அப்பா, சீக்கிலம் வாங்க.”

சுகிர்தாவின் கை தானாகப் போய் அதை நிறுத்தியது. ஜோவிக்கு ‘ர’ வராது. சீக்கிலம், கலுப்பு, பலோட்டா. ஸ்கூலில் மிஸ் எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் வரவில்லை. எட்வினின் போனில் அவளுடைய வீடியோக்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அதிலிருந்துதான் செயலி குரலை எடுத்திருக்கிறது.

“புஸ்தகத்துல அவன் வர்றதில்ல எட்வின்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“மொதல் தடவ நான் கேட்டப்பவும் அவன் வரல. லேட்டாத்தான் வந்தான். கேக்க முடியாம நிறுத்திட்டேன். மறுநாள் கேட்டா, கொஞ்சம் முன்னாடி வந்தான். அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் வாசல் வரைக்கும் வந்துட்டான். குரலும் மாறிக்கிட்டே வந்துச்சு. தப்புன்னு தெரியும் சுகி. நிறுத்த முடியல.”

டேஷ்போர்டில் நிறுத்திய கதையின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்வின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகச் சுவரைப் பார்த்துக் கேட்டான்.

“நீதானே கூட இருந்த. இத்தன நாள் உங்கிட்ட நான் கேட்டதில்ல. அவ என்னைக் கேட்டாளா?”

ஜோவி இறந்த அன்று எட்வின் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் சர்வீஸுக்குப் போயிருந்தான். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனுக்கு என்ன பதில் வேண்டும் என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தச் செயலி செய்வதைத்தான் தானும் செய்யப்போகிறோம் என்று நினைத்தாள். அவளுக்குக் காப்பு போட்ட நாளில் அவன் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“இல்ல” என்றாள். “கேக்கல.”

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“காலையில டாக்டர் வந்து பிளேட்லெட் ஏறுதுன்னாரு. டெங்கு எறங்கிரும்னாரு. மத்தியானம் முழிச்சா. சாக்ஸ் அரிக்குதுன்னா. கழட்டி விட்டேன். ரெண்டு காலையும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுக்கிட்டா. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா. தூங்கறான்னுதான் நெனச்சேன். தூங்கறாளேன்னு, உங்களுக்கு மெசேஜ் போட்டேன். ‘நல்லா இருக்கா, தூங்கறா’ன்னு.”

“ஆமா” என்றான் எட்வின். “அதப் பாத்துட்டுத்தான் நான் சாப்பிடப் போனேன். வந்த பஸ்ஸ விட்டுட்டு, சாப்பிட்டு அடுத்ததுல போலாம்னு.”

அவன் இதுவரை சொல்லாதது அது. அவளும் அந்த மெசேஜைப் பற்றி இதுவரை பேசியதில்லை.

“ஒண்ணுமே சொல்லலையா? கடைசியா?”

“அவ்வளவுதாங்க. சாக்ஸ் அரிக்குதுன்னா. மஞ்ச சாக்ஸ். ஒண்ணுல கட்டை விரல் வெளிய தெரியும். கழட்டி என் ஹேண்ட்பேக்லதான் வச்சேன். அப்புறம் அந்தக் கூட்டத்துல, நர்ஸு, டாக்டருன்னு எல்லாரும் ஓடி வந்தப்ப, எங்கயோ விழுந்துருச்சு. தேடினேன். கட்டிலுக்கு அடியிலல்லாம் தேடினேன். கெடைக்கல எட்வின். கெடைக்கவே...”

இரண்டு வருடத்துக்கு அப்புறம் சுகிர்தா அழுதாள். எட்வின் சீட் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் அவள் பக்கம் சாய்ந்து அவளைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது மாடிக்காரர் தன் காரை எடுக்க வந்து, கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் நாட்கள் லேசாக இல்லை. கடையில் போனில் பள்ளி வேன் விபத்து என்று ஒரு செய்தி வந்தபோது சுகிர்தா பரிசோதனை அறைக்குள் ஓடினாள். ஷம்ஷாத் டீ வாங்கிவந்து கதவைத் தட்டினாள். பூசையில் ஒரு குழந்தை சிணுங்கினால் பாதியில் எழுந்து வெளியே வந்தாள். ஆனால் இரவில் எட்வினும் அவளும் பேசினார்கள். பேச வராத நாளில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவன் வேலை முடிந்ததும் நேராக மேலே வரத் தொடங்கினான்.

ஒரு புதன்கிழமை மட்டும் அவன் தாமதமாக வந்தான். ஷூவைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்து நின்றான். சுகிர்தா சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“கடைசியா ஒரு தடவ கேட்டுட்டு மூடிடலாம்னு போட்டேன்” என்றான்.

“என்னாச்சு?”

“மாறியிருக்கு சுகி. அன்னைக்கு கார்ல நாம பேசினத அது கேட்டுக்கிட்டிருந்திருக்கு. மின்னி சொல்றா, ‘சாக்ஸ் அலிக்குதுப்பா, கழட்டி விடுங்க’ன்னு. தங்கவேலு மண்டி போட்டுக் கழட்டி விடறான். பின்னாடி வயலின் வேற. முந்திரிக்காட்டுப் புள்ளைக்கு ஏது சாக்ஸ்?”

சுகிர்தா புளித்தண்ணீரில் கையை வைத்தபடி நின்றாள். அந்த அறையில், அந்த மத்தியானத்தில், தனக்கும் ஜோவிக்கும் நடுவில் மட்டும் இருந்தது அது. எட்வினைத் தவிர வேறு யாருக்கும் அவள் அதைக் கொடுக்கவில்லை.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

“நல்லாவே இல்ல.” எட்வின் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். “நல்லாவே இல்ல சுகி. அவ அப்பான்னு சொல்லலையே. எங்கிட்டச் சொல்லலையே. உங்கிட்டதானே சொன்னா. நீதானே கழட்டி விட்ட.”

கணக்கையே மூடிவிட்டதாகச் சொன்னான். அந்தக் குரலும் அதோடு போய்விட்டது. இனி அது எங்கும் கிடைக்காது. மூடுவதற்கு முன் செயலி இரண்டு முறை அவனைக் கேட்டதாம். இரண்டு முறையும் ஆமாம் என்று அழுத்திவிட்டுப் படியேறி வந்திருக்கிறான்.

அவன் சிலிண்டர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். “நீ சொல்லு” என்றான். “மொதல்லேருந்து சொல்லு. எதையும் விடாத.”

சுகிர்தா கையைக் கழுவினாள். அடுப்பை அணைத்தாள். அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“காலையில இட்லி வேணாம்னா” என்று தொடங்கினாள்.